காதுள்ள காயில்

இருமல் முதலில் ஆம்ப்பிலிருந்துதான் வந்தது. அதற்கப்புறம்தான் உள்ளறையில் அவர் இருமினார்.

கையில் சால்டரிங் அயனோடு அவள் அப்படியே நின்றாள். மதியத்தில் பிடித்த மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியில் வழிந்த நீரின் நிழல் மேசை மேல் நெளிந்துகொண்டிருந்தது, சூடான ஈயமும் பழைய மரமும் கலந்த வாசனை அறையெல்லாம் அடைந்து கிடந்தது, ஆம்ப்பின் சிவப்பு விளக்கு மட்டும் கண்ணைக் கொட்டாமல் எரிந்தது. மேசையில் துணி விரித்து, மடியில் கிடத்தி வாசிக்கிற பழைய ஸ்டீல் கிட்டார் ஒன்று மல்லாந்து கிடந்தது. அதன் தந்திகளை இரண்டு லாடக் காந்தங்கள் மேலிருந்து கவ்விப் பிடித்திருந்தன. இந்தக் காலத்து கிட்டார்களில் காந்தம் அடக்கமாக உள்ளே ஒளிந்திருக்கும். இதில் வாயைத் திறந்துவைத்த மாதிரி வெளியிலேயே இருக்கும்.

இருமலில் அதிசயம் ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கிட்டாரில் பிக்கப் என்பது என்ன? காந்தம், அதனடியில் தலைமுடியை விட மெல்லிசான செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய காயில். தந்தி அதிர்ந்தால் காயிலில் மின்சாரம் பிறக்கும், ஆம்ப் அதைச் சத்தமாக்கும். பழைய காயில்களில் கம்பி தளர்ந்துபோய், பக்கத்தில் யாராவது பேசினாலே நடுங்க ஆரம்பித்துவிடும். நீங்கள் பேசுவது ஆம்ப்பில் கேட்கும். தொழிலில் இருப்பவர்கள் இதைக் ‘காதுள்ள காயில்’ என்பார்கள். இதற்கு மருந்தும் உண்டு. உருக்கிய மெழுகில் காயிலை முக்கி எடுத்தால் கம்பிகளுக்கு நடுவே இருக்கிற காற்றெல்லாம் வெளியேறி, அந்த இடத்தில் மெழுகு ஏறி இறுகிவிடும். அப்புறம் காது கேட்காது.

ஆக, அவர் இருமியதை காயில் கேட்டிருக்கிறது. ஆம்ப் பக்கத்தில் இருக்கிறது, அறை தள்ளி இருக்கிறது, அதனால் முன்னே பின்னே கேட்டிருக்கும். கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனாலும் அயனைத் தாங்கியில் வைத்துவிட்டு உள்ளறைக் கதவை ஒரு தடவை பார்த்தாள்.

உள்ளறையில் கிடப்பவர் அவள் கணவர். ஊரே மாஸ்டர் என்று கூப்பிட்ட ஆள். ஸ்டீல் கிட்டாரை மடியில் போட்டு, இடது கையில் எஃகு உருளையைப் பிடித்துத் தந்தி மேல் இழுத்தாரென்றால் கல்நெஞ்சுக்காரனும் மூக்கை உறிஞ்சுவான். பக்கவாதம் வந்து வலப்பக்கத்தையும் பேச்சையும் ஒரே வாயில் விழுங்கிவிட்டது. மிச்சமிருப்பது இடது கை. அதில் இப்போதும் அந்த உருளையைப் பிடித்திருப்பார். ஏதாவது வேண்டுமென்றால் கட்டிலின் இரும்புக் கம்பியில் அதால் தட்டுவார். அவள் போய்க் கேட்பாள். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே இப்போது அவ்வளவுதான் பேச்சு.

கிட்டாரைக் காலையில் கொண்டுவந்து கொடுத்தவர் பல் டாக்டர். பழைய கிட்டார்களை வாங்கிச் சேர்க்கிற பைத்தியம் அவருக்கு; வாசிக்கத்தான் வராது.

“யாரோ படுத்த படுக்கையா இருந்தவங்க வீட்டுல கட்டிலுக்கு அடியிலேயே கிடந்துச்சாம். அவங்க போனப்புறம் தள்ளிவிட்டுட்டாங்க. ஆம்ப்ல போட்டா ஒரே கரகரப்பு. சரிபண்ணிக் குடுங்க. ஆனா ஒண்ணும்மா, மெழுகுல மட்டும் போட்டுராதீங்க. போட்டா செத்துரும்.”

“என்ன செத்துரும்?”

“சவுண்டுதாம்மா. வேற என்ன?” என்று பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார்.

பழைய பொருள் சேர்ப்பவர்கள் எல்லாருமே இப்படித்தான் சொல்வார்கள். மெழுகு போட்டால் பழமை போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. அவளும் தலையாட்டி வைத்தாள்.

கரகரப்பு எங்கே என்று பார்க்க, திருப்புளியின் முனையால் காயிலின் மேல் லேசாகத் தட்டினாள். இது எல்லாரும் செய்கிற சோதனைதான். ஆம்ப்பில் ‘டக்’ என்றது.

உள்ளறையில் அவர் முனகினார்.

இன்னொரு தடவை தட்டினாள். டக். முனகல். இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக.

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். அவர் விழித்துத்தான் இருந்தார். நெற்றியில் வேர்வை. இடது கை உருளையோடு நெஞ்சின் மேல் ஏறியிருந்தது, யாரோ அங்கே குத்திய மாதிரி. “வலிக்குதாங்க?” என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக, பட்டறை மேசையைப் பார்த்தார்.

போர்வையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஆம்ப்பின் இரைச்சல் மழையோடு சேர்ந்து ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“இந்தா.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவளை ‘இந்தா’ என்று கூப்பிட்டது ஒரே ஒரு ஆள். அந்தச் செருமலும் அவருடையதுதான். பேச்சு போனதிலிருந்து அவள் கனவில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த குரல்.

“இந்தா. தண்ணி.”

டம்ளரை எடுத்து, பாதியைத் தரையில் சிந்தி, உள்ளே ஓடினாள். அவர் உதடு அசையவில்லை. வாய் எப்போதும் போல ஒரு பக்கம் கோணிக்கொண்டு கிடந்தது.

“தண்ணி கேட்டீங்களா? நீங்களா?”

கண் ஒரு தடவை மூடித் திறந்தது. மருந்து மயக்கத்தில் அவர் சும்மாவே இமைப்பது உண்டு என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. வர அவள் விடவில்லை. டம்ளரை வாயில் வைத்தாள். அவர் மிச்சமில்லாமல் குடித்தார். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே மகளுக்கு போன் போட்டாள்.

“பாப்பா, அப்பா பேசுறாருடி! வாயால இல்லடி, பிக்கப்ல கேக்குது. மனசுல நெனைக்கிறது அப்படியே வருது. எனக்குச் சொல்லத் தெரியல, நீ கிளம்பி வா!”

“என்னம்மா உளறுற?” என்றாள் பாப்பா. பிள்ளை பெறுகிற வயசாகியும் அவளுக்கு அதுதான் பேர். பிறகு அவள் குரலும் உடைந்தது. “நிஜமாவாம்மா? இதோ கிளம்பிட்டேன். நான் வர்ற வரைக்கும் அதை அணைச்சிடாத. சத்தியமா அணைச்சிடாத.”

அவள் முக்காலியை ஆம்ப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள், புதுசாகக் கல்யாணமானவள் மாதிரி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். வெட்கக்கேடுதான். ஆனால் பார்க்க யார் இருக்கிறார்கள்?

“கை வலிக்கலையா உனக்கு? காலையிலேர்ந்து உக்காந்தே இருக்க” என்றது குரல்.

“வலிக்கலைங்க.”

“பொய் சொல்ற. நீ எப்பவும் நல்லா பொய் சொல்லுவ.”

அவள் சிரித்தாள். அவர் அப்படித்தான் சீண்டுவார்.

“நானும் ஒரு பொய் சொல்லியிருக்கேன். நீ சுத்துன காயில்லதான் ரெக்கார்டிங் எல்லாம் வாசிச்சேன்னு சொல்லுவேன்ல? ஒண்ணுகூட வாசிச்சதில்ல. ஸ்டுடியோ வாசல்லயே வேற கிட்டாருக்கு மாத்திருவேன். உன் காயில்ல உயிரே இருக்காது.”

சிரிப்பு அவள் முகத்திலேயே காய்ந்தது. மழை கொஞ்சம் வலுத்தது. சிவப்பு விளக்கைச் சுற்றி ஒரு பூச்சி பறந்தது.

“எதுக்கு இப்ப அதெல்லாம்?” என்றாள் மெதுவாக.

“சும்மாதான். வேற பேசலாம். அன்னிக்கு நான் குளியலறையில விழுந்தேனே. சத்தம் கேட்டுச்சுல்ல உனக்கு?”

அவள் திருப்புளியை எடுத்துத் துணியில் துடைக்க ஆரம்பித்தாள்.

“காயில் சுத்துற மெஷினு நிக்கல. நான் தரையில கன்னத்த வச்சுக்கிட்டு கேட்டுக்கிட்டே கிடந்தேன். விர்ர்னு ஓடிக்கிட்டே இருந்துச்சு. காயில் முடிஞ்சப்புறம்தான் வந்த.”

“பக்கெட்னு நெனச்சேங்க. பக்கெட் விழுந்துச்சுன்னுதான்...”

“பக்கெட் முனகுமா?”

இது யாருக்கும் தெரியாது. மெஷின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னாள், சொந்தக்காரர்களிடம் சொன்னாள், பாப்பாவிடம் சொன்னாள். ‘கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பேச்சாவது மிஞ்சியிருக்கும்’ என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னபோது பாப்பா அவளைக் கட்டிக்கொண்டு, ‘உனக்கு எப்படிம்மா தெரியும்’ என்று அழுதாள். உண்மை என்னவென்றால், கேட்டது. விழுந்ததும் கேட்டது, முனகியதும் கேட்டது. பாதிக் காயிலில் மெஷினை நிறுத்தினால் கம்பி தொய்ந்துவிடும், முழுக்க வீணாகிவிடும். முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள்.

உள்ளே போய்க் கட்டிலருகே நின்றாள்.

“நீங்களா இப்படிப் பேசுறது?”

அவர் கண்ணை இரண்டு தடவை மூடித் திறந்தார். இல்லை.

“வேற யாரு பேசுறா? வேற யாருக்குத் தெரியும் அது?”

இரண்டு தடவை. மறுபடியும் இரண்டு தடவை. மறுபடியும். கண்ணோரத்தில் நீர் கோத்து, கோணிய பக்கமாக இறங்கிக் காதுக்குள் போனது. உருளை கட்டில் கம்பியில் தடதடவென்று நடுங்கியது. அந்தக் கண்களில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. வேறு எந்தப் பெண்டாட்டியாக இருந்தாலும் அந்தக் கண்களை நம்பியிருப்பாள்.

ஆனால் இவள் காயில்காரி. பிக்கப்புக்குச் சொந்தப் புத்தி கிடையாது, கேட்டதைக் கேட்டபடி கொடுக்கும் என்பதுதான் இத்தனை வருஷத்தில் அவள் சந்தேகமே படாத ஒரே விஷயம். தந்தி பொய் சொல்லும், விரல் பொய் சொல்லும், மனுஷன் வாய் கூசாமல் பொய் சொல்வான். காயில் சொல்லாது. ஆகவே, மாட்டிக்கொண்டதும் மனுஷன் கண்ணால் நடிக்கிறார் என்று முடிவு கட்டினாள்.

பட்டறையில் குரல் அவளுக்காகக் காத்திருந்தது.

“பாப்பா வரட்டும். அவகிட்ட சொல்லிடுறேன். அவளுக்குத் தெரியணும்ல?”

அவள் ஒயரைப் பிடுங்கினாள். அறை அமைதியானது. மழை. சுவர்க் கடிகாரம். உள்ளறையில் அவர் மூச்சு.

பிடுங்கி என்ன பிரயோஜனம்? பாப்பா வந்ததும் முதல் வேலையாக ஒயரை மாட்டச் சொல்வாள். அப்பா குரலைக் கேட்க மழையில் நனைந்துகொண்டு வருகிறவளிடம் என்ன சாக்குச் சொல்ல முடியும்? கம்பியை அறுத்துவிடலாமா? நூற்றாண்டைத் தொடப்போகிற காயில், அடுத்தவர் பொருள், உயிரோடு இருக்கிற காயிலை அவள் கை இதுவரை அறுத்ததே இல்லை. அப்போதுதான் மெழுகு ஞாபகம் வந்தது. தந்திச் சத்தம் நன்றாகவே வரும். குரல் வராது. ‘நான்தாண்டி தப்பாக் கேட்டுட்டேன், காயில்ல கம்பி தளர்ந்துருந்துச்சு, மெழுகு போட்டதும் சரியாயிடுச்சு’ என்றால் பாப்பா நம்புவாள். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுகூட நினைக்கட்டும். அது பரவாயில்லை.

வேலை என்று வந்துவிட்டால் அவள் கை நடுங்காது. அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரம், அதற்குள் மெழுகுச் சட்டி, அதற்குள் சூடு பார்க்கிற கோல். மெழுகு முதலில் ஓரத்தில் கண்ணாடியாகி, பிறகு நடுவில் ஒரு வெள்ளைத் தீவு மட்டும் மிச்சமாகி, அதுவும் கரைந்தது. தேனும் புகையும் கலந்த கனத்த வாசனை எழுந்தது. காந்தங்களைக் கழற்றினாள். தாடையைப் பிரிப்பது போல அவை மனசில்லாமல் விலகின. காயில் உள்ளங்கையில் அடங்கியது. வெதுவெதுப்பாக இருந்தது. ஆம்ப் சூடு என்று நினைத்துக்கொண்டாள்.

முனைக் கம்பிகளைப் பிடித்து, மெதுவாக உள்ளே இறக்கினாள்.

குமிழ்கள் வந்தன. முதலில் பொடிப்பொடியாக, பிறகு கொத்துக் கொத்தாக. காயிலுக்குள் இருக்கிற காற்று வெளியே வருகிறது. இதுதான் வரவேண்டும். குமிழ் நிற்கிறவரைக்கும் விட்டு வைக்க வேண்டும், அதுதான் கணக்கு.

உள்ளறையில் உருளை கட்டில் கம்பியில் தட்டியது. டங்.

“இருங்க, வர்றேன்” என்றாள்.

டங். டங். டங்.

“இதோ முடிஞ்சிருச்சுங்க.”

இப்போது எடுத்தால் பாதிதான் ஏறியிருக்கும். பாதி ஏறின காயில் பாதி பேசும். அவள் குமிழ்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டல் வேகமெடுத்தது. தாளம் போய் வெறும் அடியாகியது. கட்டில் கால்கள் தரையில் கிறீச்சிட்டன. அங்கே என்னவோ ஆகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது. கால் நகரவில்லை.

பெரிய குமிழ் ஒன்று வந்து வெடித்தது.

உருளை கீழே விழுந்தது. சிமென்ட் தரையில் உருண்டது. உருண்டுகொண்டே போய் எங்கேயோ முட்டி நின்றது.

சின்னதாக ஒரு குமிழ்.

இன்னொன்று.

அப்புறம் மெழுகு அசையவில்லை.

காயிலை வெளியே எடுத்தாள். துணியில் துடைத்தாள். கண்ணாடி போல் இருந்த மெழுகு கண்முன்னே வெண்மை கட்டியது. அதைக் கைக்குள் வைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

அவர் வாய் திறந்திருந்தது. வாய் நிறைய வெள்ளையாக எதுவோ இருந்தது.

பால் என்று நினைத்தாள். பால் கொடுக்கவில்லையே என்றும் நினைத்தாள். கிட்டே போனாள். மெழுகு. உதடு மட்டத்துக்கு, வழித்து விட்ட மாதிரி வழவழப்பாக. மூக்கிலும் இரண்டு வெள்ளைப் பொட்டுகள். நெஞ்சு மேலே எழ முயன்று, எழாமல், மறுபடி முயன்றது. கண்கள் திறந்திருந்தன. அவளைப் பார்த்தன.

இரண்டு தடவை மூடின. இரண்டு தடவை. இரண்டு தடவை.

“ஐயோ” என்றாள். விரலை விட்டாள். நகத்தடியில் மெழுகு சுருண்டு வந்தது. ஒரு விரற்கடை. கீழே இன்னும் இருந்தது. ஸ்பூனின் காம்பால் குடைந்தாள். இன்னும் இருந்தது. தொண்டைக்குக் கீழே, அதற்கும் கீழே, காற்று இருந்த இடமெல்லாம். நல்ல வேலை. ஒரு இடம்கூட விடாமல் ஏறியிருந்தது. அவள் கை வேலை என்றைக்கும் அப்படித்தான்.

அவர் முகம் நிறம் மாறிக்கொண்டிருந்தது. அவள் இடது கையை இறுக மூடினாள். அதற்குள் காயில். உள்ளங்கைச் சூட்டில் காயிலின் ஓரத்து மெழுகு இளகியது.

அவர் உதட்டோரத்து மெழுகும் இளகியது. பளபளத்து, ஒரு துளி கன்னத்தில் இறங்கியது.

அவள் காயிலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். எல்லாம் புரிந்தது. கண் பொய் சொல்லவில்லை என்பதும் சேர்த்துத்தான்.

ஏறின மெழுகை எடுக்க ஒரே வழிதான் உண்டு. ஏறினபோது இருந்ததை விட அதிகச் சூடு. மேசைக்கு ஓடினாள். சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன்னை எடுத்தாள். காயிலை இடுக்கியில் பிடித்தாள். பாதி திறந்த கதவு வழியாகக் கட்டில் நேராகத் தெரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஹீட் கன்னைத்தான் பார்த்தார்.

இரண்டு தடவை மூடினார்.

“மன்னிச்சிடுங்க” என்று சொல்லி விசையை அழுத்தினாள்.

சூடு பாய்ந்தது. காயிலிலிருந்து மெழுகு சொட்டியது. உள்ளே அவர் உடம்பு வில்லாக வளைந்தது. வாயிலிருந்து, மூக்கிலிருந்து, கண்ணோரங்களிலிருந்தும் மெழுகு வழிந்தது. வழியும்போதே ஆவி பறந்தது. பேச்சுப் போன நாளிலிருந்து முதல் தடவையாக, ஆம்ப் இல்லாமல், ஒயர் இல்லாமல், அவர் தொண்டை திறந்தது.

அந்தக் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

வாசல் கதவு படபடவென்று தட்டப்பட்டது. மழையில் ஓடிவந்த மூச்சிரைப்பு. பிறகு சந்தோஷத்தில் உடைந்த குரல்.

“அம்மா! அப்பா குரல்தானேம்மா அது? எனக்கு இங்கயே கேக்குது! கதவத் தொறம்மா, அணைச்சிடாத!”

அவள் அணைக்கவில்லை. இப்போது நிறுத்தினால் உள்ளே மிச்சமிருப்பது இறுகிவிடும். பாதியில் நிறுத்த முடியாது. காயிலின் உறை கருகத் தொடங்கியது, கம்பிகள் ஒவ்வொரு சுற்றாகச் சிவந்தன, “அப்பா! அப்பா!” என்று கதவுக்கு வெளியே பாப்பா அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் மெழுகு தாடை வழியாகச் சொட்டியது. சொட்டிய இடத்திலெல்லாம் தோலும் கூடவே இறங்கியது.